எண்பத்தேழில் ஒரு பங்கு

சரக்கு ரயில் பெட்டிகளை அளவு குறைத்துச் செய்வது என் பொழுதுபோக்கு என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் "பொம்மை ரயிலா?" என்கிறார்கள். ஊரில் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "குழந்தைக்கா?" என்று கேட்டாள். குழந்தைக்குத் தொடவே அனுமதி இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நண்பர்கள் அடிக்கடி கேட்பதால், எனக்குத் தெரிந்ததை இங்கே கொஞ்சம் விளக்கமாக எழுதிப் பார்க்கிறேன். ஒரே ஒரு பெட்டியின் கதையாகச் சொல்லிவிடுகிறேன். நான் தப்பாகச் செய்த பெட்டி அது.

அரக்கோணத்தில் தாத்தா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கூட்ஸ் வண்டியில் எத்தனை வேகன் என்று எண்ணுவது எனக்கு வழக்கம். எஞ்சினியரிங் எம்.எஸ். படிக்க ஒஹையோவுக்கு வந்த புதிதில், ரயில்வே கேட்டில் நின்று நூற்றுப் பத்து, நூற்றுப் பதினொன்று என்று எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பழக்கம் போகவில்லை என்று தெரிந்தது. படிப்பு முடிந்து மென்பொருள் வேலையில் உட்கார்ந்தபின், ஒரு கடையில் பிளாஸ்டிக் பாகங்கள் அடங்கிய சின்ன அட்டைப்பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். அங்கேதான் ஆரம்பம்.

அளவு என்றால் என்ன?

அமெரிக்காவில் பெரும்பாலோர் பயன்படுத்தும் அளவுக்கு எச்.ஓ. என்று பெயர். 'ஓ' என்ற பழைய அளவில் பாதி என்பதால் 'ஹாஃப் ஓ'. நிஜத்தில் ஓர் அடி, மாதிரியில் 3.5 மில்லிமீட்டர். அதாவது 87.1-இல் ஒரு பங்கு. நிஜத் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள 1435 மில்லிமீட்டர் இடைவெளி, மாதிரியில் 16.5 மில்லிமீட்டர் ஆகிறது. உட்புறம் நாற்பதரை அடி நீளமுள்ள ஒரு மூடிய சரக்குப் பெட்டி, அதாவது பாக்ஸ்கார், சுமார் 15 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

எல்லாவற்றையும் 87.1-ஆல் வகுத்தால் போதுமே, இதில் என்ன கஷ்டம் என்று நானும் நினைத்தேன். வகுக்க முடியாதவை பல உண்டு. முதலாவது எடை. நீளம் 87 மடங்கு குறைந்தால் கன அளவு ஆறரை லட்சம் மடங்குக்கும் மேல் குறைகிறது. வெறும் பெட்டியின் எடை சுமார் 20 டன் என்றால் மாதிரி 30 கிராம் இருக்க வேண்டும். அந்த எடையில் பெட்டி வளைவில் தடம் புரண்டு விழும். 1935-இல் தொடங்கிய தேசிய மாதிரி ரயில் சங்கம் இதற்கு ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது: அடிப்படையாக ஓர் அவுன்ஸ், அதன்மேல் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். ஆறு அங்குலப் பெட்டிக்கு நான்கு அவுன்ஸ், ஏறக்குறைய 113 கிராம். அதனால் தரைக்குள் இரும்புத் துண்டை ஒளித்து வைக்கிறோம்.

இரண்டாவது சக்கரம். நிஜச் சக்கரத்தின் அகலம் ஆறு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. வழக்கமான மாதிரிச் சக்கரத்தின் அகலம் 0.110 அங்குலம். அதைத் திருப்பிப் பெருக்கினால் ஒன்பதரை அங்குலம் வரும். பெட்டியைப் பின்னாலிருந்து பார்த்தால் ரோடு ரோலர் போலத் தெரியும். 0.088 அங்குலச் சக்கரம் பார்க்க நன்றாக இருக்கும். தண்டவாளம் சரியில்லாத இடத்தில் இறங்கிவிடும். எதை விட்டுக்கொடுப்பது என்று ஒவ்வொருவரும் தனக்குத்தானே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

கைப்பிடிக் கம்பி

மலிவான மாதிரிகளில் ஏணிகளும் கைப்பிடிகளும் சுவரோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். பார்த்தால் சுவரில் நெளிந்த தழும்பு போல இருக்கும். இந்தப் பொழுதுபோக்கில் கொஞ்சம் முற்றியவர்கள் அதைச் சீவி எறிந்துவிட்டு, கம்பியை வளைத்துத் தனியாகப் பொருத்துவார்கள். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பதற்கு வரலாறு கொஞ்சம் தேவைப்படுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கச் சரக்குப் பெட்டிகளை இணைப்பது கைவேலை. இரு பெட்டிகள் ஒன்றையொன்று நெருங்கும்போது ஒருவன் நடுவில் நின்று, இரும்பு வளையத்தைத் துளைக்குள் நுழைத்து, ஆணியைப் போட வேண்டும். கணம் தப்பினால் விரல் போகும், அல்லது ஆள் போவான். பிரேக் போடக் கூரைமேல் ஓடி, ஒவ்வொரு பெட்டியின் கைச்சக்கரத்தையும் திருக வேண்டும். பனியிலும் மழையிலும் அதே கூரை, அதே ஓட்டம். 1874-இல் அயோவா மாநிலத்தில் ரயிலில் போய்க்கொண்டிருந்த லாரென்ஸோ காஃபின் என்ற விவசாயி, பெட்டியை இணைக்கப் போன ஒருவன் விரல்களை இழப்பதை நேரில் பார்த்தார். அதன்பின் ஏறத்தாழ இருபது வருடம் இதே வேலையாக அலைந்தார். 1888 ஜூனோடு முடிந்த ஓராண்டில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரயில் தொழிலாளர்கள் பணியில் இறந்தார்கள், இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள் என்று ஜனாதிபதி ஹாரிசன் நாடாளுமன்றத்துக்கு எழுதினார். 1893 மார்ச் 2-ஆம் தேதி பாதுகாப்புச் சாதனச் சட்டம் கையெழுத்தானது. தானாகப் பூட்டிக்கொள்ளும் கப்ளரும் காற்று பிரேக்கும் கட்டாயமாயின. பெட்டிகளின் ஓரங்களில் உறுதியான கைப்பிடிகள் இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொன்னது.

அந்தக் கப்ளருக்கு மூலம் 1873-இல் ஈலை ஜானி காப்புரிமை பெற்ற வடிவம். இரண்டு கைகள் விரல்களை மடக்கிப் பிடித்துக்கொள்வது போன்றது. இன்று இந்தியச் சரக்கு வேகன்களில் இருப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அரக்கோணத்தில் நான் எண்ணிய வண்டிகளில் சிலவற்றுக்கு அது இருந்திருக்கும். அன்று கவனித்ததில்லை.

1910-இல் இன்னொரு சட்டம், 1911-இல் அதற்கான விதிகள். கைப்பிடிக் கம்பி எத்தனை, எங்கே, எவ்வளவு நீளம் என்று எல்லாம் வரையறுக்கப்பட்டன. குறைந்தபட்ச விட்டம் ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு. கம்பிக்கும் சுவருக்கும் நடுவே குறைந்தது இரண்டு அங்குல இடைவெளி. கையுறை போட்ட கை உள்ளே போக வேண்டுமல்லவா!

இதை 87.1-ஆல் வகுத்தால் கம்பியின் விட்டம் 0.18 மில்லிமீட்டர் வரும். அது தொட்டாலே வளையும் என்பதால் பெரும்பாலோர் 0.3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியைப் பயன்படுத்துகிறோம். எண் 80 என்ற துரப்பண ஊசியால் விரல்களுக்கிடையே உருட்டி உருட்டித் துளை போட வேண்டும். கை கொஞ்சம் சாய்ந்தால் ஊசி உடையும். முதல் பெட்டிக்கு ஏழு ஊசி உடைத்தேன். இடைவெளி ஒரே சீராக வர, 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பட்டையை அடியில் வைத்துக் கம்பியை அழுத்தி, உள்பக்கம் ஒரு சொட்டுப் பசை வைத்து, பட்டையை உருவிவிட வேண்டும்.

ஒரு நாள் என் மகள் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, இதெல்லாம் யாருக்குப்பா தெரியப் போகுது?"

அப்போது பதில் தெரியவில்லை.

எந்தத் தேதியில் துல்லியம்?

நான் எடுத்துக்கொண்ட பெட்டிக்கு ஒரு பின்கதை உண்டு. முதல் உலகப் போரின்போது, 1917 டிசம்பரில், அமெரிக்க அரசு ரயில் நிறுவனங்களைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. ஆளுக்கொரு வடிவமாகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர்களுக்குப் பொது வடிவங்கள் தரப்பட்டன. அவற்றில் ஒன்று 50 டன் ஒற்றைச் சுவர் பாக்ஸ்கார். எஃகுச் சட்டங்கள் வெளியே குறுக்காகத் தெரியும், பலகைகள் உள்ளே. வீட்டின் விலா எலும்பு வெளியே இருப்பது போன்ற தோற்றம். சுமார் 25,000 பெட்டிகள் கட்டப்பட்டன. பென்சில்வேனியா ரயில்ரோடு தன் பங்குக்கு வந்தவற்றை எக்ஸ்26 என்று வகைப்படுத்தியது. எஃகு சிக்கனமாக வேண்டியிருந்த காலம். மரமும் எஃகும் பாரத்தைப் பகிர்ந்துகொண்டன.

மாதிரி செய்பவர்களுக்கு ஆதாரங்கள் பல வகை. 1879 முதல் வந்த பெட்டி கட்டுவோர் அகராதி, பின்னாளில் கலைக்களஞ்சியமானது, வரைபடங்களைத் தருகிறது. ரயில் பெட்டிகளின் அதிகாரபூர்வப் பதிவேடு ஒவ்வொரு நிறுவனத்தின் பெட்டி எண்களையும் அளவுகளையும் பட்டியலிடுகிறது. நிறத்துக்கு, 1942-43-இல் அரசாங்கத்துக்காக ஜாக் டெலானோ சிகாகோ யார்டுகளில் எடுத்த வண்ணப் படங்கள் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன; இணையத்தில் யாரும் பார்க்கலாம். 'பாக்ஸ்கார் சிவப்பு' என்று ஒரே பெயரில் சொல்லப்படும் இரும்பு ஆக்சைடு நிறம் எத்தனை விதமாகப் பழுக்கிறது, கருகுகிறது, வெளுக்கிறது என்று அந்தப் படங்களில்தான் தெரிந்துகொண்டேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம் புகைப்படம். அதைப் படிக்கத் தெரிய வேண்டும். பெட்டியின் பக்கவாட்டில் கட்டிய மாதமும் வருடமும் எழுதியிருக்கும். கூடவே கொள்ளளவு, ஏற்றக்கூடிய உச்ச பாரம், வெறும் எடை. பெட்டியை அவ்வப்போது மறுபடி எடை போட்டு, எங்கே, எப்போது போட்டார்கள் என்று புதிதாக எழுதுவார்கள். பழையதை அழிக்க அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் அடிப்பதால், அழுக்குப் பெட்டியில் ஒரு சின்னச் சதுரம் பளிச்சென்று தெரியும். உ.வே.சா. ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்த கதைகளைப் படித்து வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஒரு பெட்டி, முப்பது வருட வாழ்வு, அதில் பல பாடங்கள். பலகை மாறியிருக்கும், கதவு மாறியிருக்கும், எழுத்து மாறியிருக்கும், பிரேக் மாறியிருக்கும். 'சரியான' பெட்டி என்று ஒன்று கிடையாது. இந்தத் தேதியில் சரி என்று மட்டுமே சொல்ல முடியும்.

இதைத்தான் நான் தவறவிட்டேன்.

பேட் ஆர்டர்

எங்கள் ஊரில் ஒரு பெரியவர் வீட்டு நிலவறையில் இரண்டாவது சனிக்கிழமைதோறும் கூடுகிறோம். அறை முழுக்க ஒரே ஒரு யார்டும் அதைச் சுற்றிய ஊரும். காலம் 1954 அக்டோபர். அவர் 1941-இல் பிறந்தவர். நாற்பது வருடம் ரயிலில் பெட்டிப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பாவும் அதே வேலை, அதே யார்டு. விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகி, பெரியவருக்கு எதையும் நேராகப் பார்க்க முடியாது. ஓரக்கண்ணில் ரயில் நகர்வது தெரியும். எழுத்து தெரியாது, முகம் தெரியாது.

இரண்டு மாதம் உழைத்துச் செய்த பெட்டியை நான் பெருமையோடு அவர் கையில் கொடுத்தேன். 1938-இல் எடுத்த ஒரு புகைப்படத்தைப் பார்த்து அப்படியே செய்தது. பளபளப்பு வார்னிஷ் அடித்து, எழுத்துத் தாள்களைத் தண்ணீரில் நனைத்து ஒட்டி, பலகை இடுக்குகளில் படிய வைக்கும் திரவம் தடவி, மேலே மங்கல் வார்னிஷ் அடித்திருந்தேன். வார்னிஷை மறந்து மங்கலான பெயிண்டின் மேல் நேராக ஒட்டினால், அடியில் காற்று சிக்கி எழுத்தைச் சுற்றி வெள்ளி போல மினுங்கும். அந்தத் தப்பை முன்பே செய்திருந்ததால் இம்முறை செய்யவில்லை. பலகை பலகையாகச் சாயம் மாற்றி, சாக்பீஸ் தூளால் புழுதியும் ஏற்றியிருந்தேன்.

அவர் அதில் எதையும் பார்க்கவில்லை. ஆள்காட்டி விரல் நகத்தால் ஏணியை மேலிருந்து கீழாகத் தடவினார். கைப்பிடிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் நகம் போகிறதா என்று பார்த்தார். எதிர்முனையிலும் அதே. தலையை ஆட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கம் விரலை ஓட்டினார்.

"ஒரே கட்டியாக இருக்கிறதே, கே பிரேக்கா?" என்றார்.

"ஆமாம், படத்தில் அப்படித்தான் இருந்தது."

"படம் எந்த வருடம்?"

சொன்னேன். அவர் மேசையில் தடவி ஒரு சின்னக் காகிதத் துணுக்கை எடுத்து, பெட்டியின் பக்கத்தில் ஒட்டினார். பேட் ஆர்டர். ஓடத் தகுதியற்றது என்று அறிவிக்கும் சீட்டு. "இது ரிப்பேர் தடத்தில் நிற்கட்டும்" என்றார்.

விஷயம் இதுதான். வெஸ்டிங்ஹவுஸின் காற்று பிரேக்கில், ரயில் நீளத்துக்கும் ஓடும் குழாயில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு பெட்டியும் தன் தொட்டியில் சேமித்த காற்றால் பிரேக் போட்டுக்கொள்ளும். குழாய் அறுந்தாலும் ரயில் நிற்கும். பழைய கே வகையில் தொட்டி, சிலிண்டர், வால்வு மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். ரயில்கள் நீளமாக ஆக ஆக அது போதவில்லை. அவசரத்துக்கென்று தனிக் காற்றைச் சேமிக்கும் ஏபி வகை வந்தது. அதில் தொட்டி, சிலிண்டர், வால்வு மூன்றும் தனித்தனி. 1933 முதல் புதிய பெட்டிகளுக்கு ஏபி கட்டாயம். பழைய பெட்டிகளுக்குக் கொடுத்த தவணை தள்ளிப்போடப்பட்டு, 1953-இல் கே பிரேக் உள்ள பெட்டியை வேறு நிறுவனம் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்றாயிற்று. 1954 அக்டோபரில் என் பெட்டி அந்த யார்டுக்குள் வந்திருக்கவே முடியாது.

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். அடியில் இருப்பது யார் கண்ணிலும் படாது. அதுவும் அவருக்கு! இரண்டு வாரம் கழித்து, மற்றவர்கள் போனபின், இதைச் சிரித்துக்கொண்டே கேட்பது போலக் கேட்டுவிட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. காபியைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார். 1954 அக்டோபரில் ஒரு மழை நாள். யார்டில் பெட்டி பிரிக்கும் வேலையில் இருந்த ஒருவர், ஓடும் பெட்டியின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு வந்தார். கைப்பிடிக் கம்பியின் ஒரு முனை துருவில் விட்டுப் போயிருந்தது. கம்பி கையோடு வந்துவிட்டது. அன்று காலை அந்தப் பெட்டியைப் பார்த்து, சரி என்று அனுப்பியவர் அப்பா. விசாரணையில் அப்பாமேல் குற்றம் வரவில்லை. துரு உள்பக்கம் இருந்தது, வெளியே தெரிந்திருக்காது என்றார்கள். "அப்பா அதற்கப்புறம் பதினெட்டு வருடம் வேலை பார்த்தார். ஒவ்வொரு கம்பியையும் பிடித்து இழுத்துப் பார்ப்பார். கண்ணால் பார்த்ததை அவர் மறுபடி நம்பவில்லை."

அவர் 1954 அக்டோபரைத் தேர்ந்தெடுத்தது பழைய நாட்களின் அழகுக்காக என்று நான் நினைத்திருந்தேன். நிலவறையில் இருக்கும் இருநூற்றுச் சொச்சம் பெட்டிகளில் ஒவ்வொரு கம்பியையும் அவர் நகம் தொட்டிருக்கிறது. கேட்டபின் என்ன சொல்வதென்று தெரியவில்லை. கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

மறுபடியும் மேசைக்கு

பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு கே பிரேக்கைச் சீவினேன். ஏபி தொகுதியின் மூன்று பாகங்களையும் அவற்றின் இடங்களில் ஒட்டினேன். வால்விலிருந்து தொட்டிக்கும் சிலிண்டருக்கும் குழாய்கள். சிலிண்டரிலிருந்து நெம்புகோல், அதிலிருந்து இரு போகிகளுக்கும் கம்பிகள், கைச்சக்கரத்திலிருந்து வரும் சங்கிலி. படத்தைப் பார்த்து ஒட்டாமல், காற்று எங்கே போகிறது, எது எதை இழுக்கிறது என்று யோசித்துச் செய்தால் தப்பு வருவதில்லை. மென்பொருளிலும் அப்படித்தான், நகலெடுத்த நிரல் எங்காவது கவிழ்க்கும், புரிந்து எழுதியது கவிழ்த்தாலும் எங்கே என்று தெரியும். மறு எடைத் தேதியையும் மாற்றினேன். பழைய இடத்தில் புதுப் பெயிண்ட், அதன்மேல் 1954-இன் ஒரு மாதம். கம்பிகளை ஒவ்வொன்றாகச் சாமணத்தால் லேசாக இழுத்துப் பார்த்தேன். ஒன்று கையோடு வந்தது. பசை பிடித்திருக்கவில்லை. பார்த்தால் தெரிந்திருக்காது.

மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். யாருக்குத் தெரியப் போகிறது என்று அவள் கேட்டதற்கு, இப்போது அந்த மழை நாளைச் சொன்னேன். அவளுக்கு ஒன்பது வயது. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மாமாவுக்குக் குழந்தைங்க இருந்தாங்களாப்பா?" என்று கேட்டாள். எனக்கு அதைப் பெரியவரிடம் கேட்கத் தோன்றியிருக்கவில்லை.

இப்போதெல்லாம் ரெசின் அச்சு இயந்திரம் வைத்து வீட்டிலேயே நுண்ணிய பாகங்களை அச்சிடுகிறார்கள். துளை போட்டு ஊசி உடைக்கும் வேலை குறைந்துகொண்டு வருகிறது. நல்லதுதான். கடையில் கிடைக்கும் தயார்ப் பெட்டிகளே நான் செய்வதைவிட நன்றாக இருக்கின்றன. ஆரம்பிக்க விரும்புகிறவர்களுக்கு என் யோசனை ஒன்றே ஒன்று: முதலில் ஒரு வருடத்தையும் மாதத்தையும் முடிவு செய்துகொள்ளுங்கள். மற்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அதற்குப் பிறகுதான் கிடைக்கும்.

அடுத்த சனிக்கிழமை பெட்டியை எடுத்துப் போனேன். பெரியவர் கவிழ்த்து, விரலை ஓட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். பிறகு நிமிர்த்தி எல்லாக் கைப்பிடிகளையும் மறுபடி தொட்டுப் பார்த்தார். காகிதத் துணுக்கைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"போகட்டும்" என்றார்.

மூன்று வாரமாக ரிப்பேர் தடத்தில் இடம் பிடித்திருந்த பெட்டி, அன்று மாலை பதினாறாவதாக ஒரு ரயிலில் கோக்கப்பட்டு யார்டை விட்டு வெளியே போயிற்று. அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஓரக்கண்ணால் அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.